நகல் எண் மூன்று

அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஆறடிக்கு நாலடி ரீசார்ஜ் கடை.
'ஒரு ஜிபி இருபது ரூபாய்' என்று
மூன்று மொழியிலும் பிழையோடு எழுதிய அட்டை.
கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு
என் போனின் கார்டைக் கழற்றி நீட்டினேன்.
"என்ன பாட்டுண்ணா?"
"எதுன்னாலும்."
"எதுன்னாலும்னா எப்படி?
அழுவுறதா, ஆடுறதா, பஸ்ல தூங்குறதா?"
தூங்குறது, என்றேன்.
பச்சைக் கோடு நிரம்பும்வரை பொறுத்திருந்து
எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டிருந்த
கான்ஸ்டபிள் சித்தலிங்கப்பாவைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அதுதான் என் உத்தியோகம்.
மாதம் பதினோராயிரம், பெட்ரோல் தனி.

கைப்பற்றியவை:
சி.பி.யு. ஒன்று. கார்டு ரீடர் நான்கு.
கீபோர்டு ஒன்று, அதில் ஒரு எழுத்து இல்லை.
பாட்டுகளையும் மகஜரில் எழுது என்றார் இன்ஸ்பெக்டர்.
எல்லாமா சார்?
எல்லாம்.
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு.

மூன்று ராத்திரி.
நான் சொல்லச் சொல்ல சித்தலிங்கப்பா எழுதினார்.
அவருக்குத் தமிழ் புரியாது, எனக்குக் கன்னடம் எழுத வராது.
பாட்டுகளுக்கோ பெயரே இல்லை:
டிராக் ஜீரோ செவன்.
நியூ நியூ ஹிட்.
அம்மா சாங் லோ வால்யூம்.
ஷீலா மேரேஜ் ஒன்லி.
போட்டுக் கேட்டால்தான் என்னவென்று எழுத முடியும்.
போட்டோம்.
லாக்கப்பிலிருந்து ஒருவன்,
பர்ஸ் அடித்துச் சிக்கியவன்,
"சார், அத இன்னொரு வாட்டி" என்றான்.
"சும்னிரு" என்று அதட்டிவிட்டு
சித்தலிங்கப்பா இன்னொரு வாட்டி போட்டார்.

கம்பெனியையும் சொல்ல வேண்டும்.
ரெசிடென்சி ரோட்டில் இரண்டு மாடி இருந்ததாம்.
என் காலத்தில் ஒன்று,
அதிலும் பாதியை டிராவல்ஸ்காரன் எடுத்துக்கொண்டான்.
கேசட் அடித்த மிஷின்களை எடைக்குப் போட்ட அன்று
தராசு முள்ளைப் பார்த்து எழுதியவன் நான்.
வலிக்கத்தான் செய்தது.
பாடியவர்களின் சோற்றைக் காக்கிறோம் என்று
ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்வார்கள்.
மீட்டிங்குக்குப் பாடியவர் ஒருவரும் வந்ததில்லை.

மேயோ ஹால் கோர்ட்டில்
தேச்சம்மா என்கிற குடகு வக்கீல் எழுந்தார்.
"என் கட்சிக்காரர் மீதான ஆதாரம் எதுவோ
அதன் நகல் அவருக்கும் தரப்பட வேண்டும்."
எங்கள் வக்கீல் பேனாவைக் கீழே போட்டார்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
மறுபடி போட்டுக்கொண்டு சரி என்றார்.

கோர்ட்டுக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று,
தனிஸ்லாசுக்கு ஒன்று.
நகலெடுக்கும் வேலை என் மேஜைக்கு வந்தது.
அதே பச்சைக் கோடு.
ராத்திரி பதினொன்றரைக்கு முடிந்தபோது
அசலைத் திறந்து பார்த்தேன்.
துளி குறையவில்லை.
களவு போனது முழுக்க
இருந்த இடத்திலேயே இருந்தது.
இதை எந்தப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நகல் எண் மூன்று, பெற்றுக்கொண்டேன் என்று
தனிஸ்லாஸ் கையெழுத்திட்டான்.
அரசாங்க முத்திரை, அரக்கு, சணல் முடிச்சு.
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு
"இதுக்கு எவ்ளோண்ணா?" என்றான்.
நக்கலா, நிஜமாகவே கேட்டானா,
இன்றுவரை தெரியவில்லை.

என் கார்டும் சாட்சிப் பொருளாகிக்
கவருக்குள் போய்விட்டது.
அதில் நாலாவதாக ஒரு பாட்டு.
பெண் குரல், பின்னால் மோர்சிங் மட்டும்,
நடுவில் எங்கோ ஒரு குக்கர் விசில்.
எங்கள் பட்டியலில் தேடினேன், எங்களுடையதில்லை.
மற்ற கம்பெனிக்காரர்களையும் கேட்டேன்.
யாருடையதுமில்லை.
சில நாள் சிக்னலில் நிற்கும்போது வாயில் வரும்,
இரண்டாவது அடியில் ஒரு சொல் விழுந்துவிடும்.

போன வாரம் போனேன்.
இப்போது போனுக்கு உறை விற்கிறான்.
அடையாள அட்டை சட்டைக்கு வெளியேதான் தொங்கியது.
"தூங்குறது," என்றேன். "நாலாவது."
உறைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டே
நிமிராமல் சொன்னான்:
"கேஸ் முடியட்டும்ணா."